ரெண்டு கம்பெனி கார்டைச் சேர்த்துப் போட்டால் வெடிக்குமா?

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தருகிற எந்தக் கடையிலும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். "அண்ணே, வீட்ல பழைய என்விடியா கார்டு ஒண்ணு சும்மா கிடக்கு. புதுசா ஏ.எம்.டி. கார்டு வாங்கி, ரெண்டையும் ஒரே மெஷின்ல போட்டு, கேமுக்கு ஒரு மானிட்டர், மத்ததுக்கு ஒரு மானிட்டர்னு மாட்டிக்கலாமா?"

கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். "அய்யய்யோ, வேணாம் தம்பி. ரெண்டு டிரைவரும் அடிச்சிக்கும்." பக்கத்தில் கீபோர்டு வாங்க வந்தவரும் தலையாட்டுவார். துணைக்குப் போன கிளாஸ்மேட் இன்னும் ஒரு படி மேலே போய், மதர்போர்டே போயிடும்டா என்பான்.

ஏன் அடித்துக்கொள்ளும், எப்படி அடித்துக்கொள்ளும், அடித்துக்கொண்டதை நேரில் பார்த்தவர் யார் என்று கேட்டால் மட்டும் பதில் வராது. "எல்லாரும் சொல்றாங்க." அவ்வளவுதான். ராத்திரியில் புளியமரத்தடிக்குப் போகாதே கதை போலத்தான் இதுவும். சொன்னவர் யாரும் போய்ப் பார்த்ததில்லை.

சுவாரஸ்யமான விஷயம் என்னவென்றால், இது முழுப் பொய் கிடையாது. ஒரு இரண்டே முக்கால் வருஷத்துக்கு இது உண்மையாக இருந்தது. அதுவும் கார்டுகள் ஒத்துப்போகாததால் வந்த உண்மை கிடையாது. ஒரு கம்பெனி அப்படி ஒரு விதி வைத்ததால் வந்த உண்மை.

கொஞ்சம் பழைய கதை. 1987-இல் வந்த ஆப்பிள் மேக்கின்டோஷ் II-இல் ஆறு ஸ்லாட்டுகள் இருந்தன. ஒன்றுக்கு மேற்பட்ட வீடியோ கார்டுகளைச் செருகி, மானிட்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மவுஸை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தலாம். விண்டோஸுக்கு அந்த வசதி விண்டோஸ் 98-இல்தான் வந்து சேர்ந்தது. அப்போது ஒரு கார்டுக்கு ஒரு மானிட்டர்தான் பெரும்பாலும். ஆகவே இரண்டு மானிட்டர் வேண்டும் என்றால் இரண்டு கார்டு போட்டாக வேண்டும். ஏ.ஜி.பி. ஸ்லாட்டில் நல்லதாக ஒன்று, பி.சி.ஐ. ஸ்லாட்டில் கையில் கிடைத்த இன்னொன்று. இரண்டும் ஒரே கம்பெனியா என்று யாரும் ஜாதகம் பார்க்கவில்லை. ஒரே கார்டில் இரண்டு மானிட்டரை வீட்டு உபயோகக்காரர்களிடம் கொண்டுவந்து பேர் வாங்கியது மேட்ராக்ஸ் ஜி400. அது 1999.

கேம் விளையாடுகிறவர்களின் கதை இன்னும் வேடிக்கை. 1996-இல் வந்த 3டி.எஃப்.எக்ஸ். கம்பெனியின் வூடூ கார்டுதான் வீட்டு பி.சி.யில் 3டி கேமுக்கு மரியாதை தேடித் தந்தது. அந்தக் கார்டுக்கு சாதாரண விண்டோஸ் டெஸ்க்டாப்பைக் காட்டவே தெரியாது! கேம் மட்டும்தான். அதனால் வேறு ஒரு கம்பெனியின் 2டி கார்டு கூடவே இருந்தாக வேண்டும். 2டி கார்டிலிருந்து ஒரு சின்ன கேபிள் வூடூவுக்கு வரும், வூடூவிலிருந்து மானிட்டருக்குப் போகும். ஆக, பி.சி. கேமிங்கின் பொற்காலம் என்று இன்றும் உருகுகிறார்களே, அந்தக் காலம் தொடங்கியதே இரண்டு வேறு கார்டுகளைச் சேர்த்துப் போட்டுத்தான். யாருடைய மதர்போர்டும் அதனால் வெடிக்கவில்லை.

அப்புறம் எங்கே வந்தது இந்த வதந்தி?

முதல் குற்றவாளி விண்டோஸ் விஸ்டா. 2007 ஜனவரி கடைசியில் கடைகளுக்கு வந்தது. அதோடு டிரைவருக்கான புது ஏற்பாடு ஒன்றும் வந்தது. டெஸ்க்டாப்பையே கிராபிக்ஸ் கார்டு வரைய வேண்டும், கண்ணாடி மாதிரி ஜன்னல்கள் தெரிய வேண்டும், ஏரோ என்று அதற்குப் பெயர். நல்ல விஷயம்தான். ஆனால் அதில் ஒரு விதியைச் செருகியிருந்தார்கள். மெஷினில் எத்தனை கார்டு வேண்டுமானாலும் இருக்கலாம், எல்லாம் ஒரே டிரைவரில் ஓட வேண்டும். அதாவது என்விடியா என்றால் எல்லாம் என்விடியா. ஏ.டி.ஐ. என்றால் எல்லாம் ஏ.டி.ஐ. மீறி இரண்டையும் போட்டால் இரண்டாவது கார்டு வேலை செய்யாது. இரண்டுக்கும் எக்ஸ்.பி. காலத்துப் பழைய வகை டிரைவரைப் போட்டால் ஓடும், ஆனால் ஏரோ போய்விடும். நேற்று வரை எக்ஸ்.பி.யில் ஒழுங்காக ஓடிய அதே இரண்டு கார்டு, அதே மதர்போர்டு, அதே மானிட்டர். விஸ்டா போட்டதும் ஒரு மானிட்டர் கறுப்பு. பார்க்கிறவன் என்ன நினைப்பான்? கார்டுகள் அடித்துக்கொள்கின்றன என்றுதான் நினைப்பான்.

இதில் ஒரு கூத்து. இரண்டாவது மானிட்டருக்கென்றே பெயர் வாங்கிய சுப்ரீம் கமாண்டர் கேம், விஸ்டா வந்த அடுத்த மாதமே, 2007 பிப்ரவரியில் வெளிவந்தது. ஒரு மானிட்டரில் சண்டை, இன்னொன்றில் முழு மேப். ஆசை காட்டியவரும் கதவைச் சாத்தியவரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள்.

2009 அக்டோபரில் விண்டோஸ் 7 வந்தது. அந்த விதியை எடுத்துவிட்டார்கள். என்விடியாவும் ஏ.டி.ஐ.யும் மறுபடி ஒரே மெஷினில், ஏரோவோடு, ஆளுக்கொரு டிரைவரோடு ஓடின. விதி போனது, வதந்தி போகவில்லை. இன்று கடையில் அதைச் சொல்கிற பையன் விஸ்டாவைக் கண்ணால் பார்த்திருக்கக்கூட மாட்டான்.

இரண்டாவது குற்றவாளி எஸ்.எல்.ஐ. இதை என்விடியா 2004-இல் கொண்டுவந்தது, ஏ.டி.ஐ. 2005-இல் கிராஸ்ஃபயர் என்று பதில் சொன்னது. இரண்டு கார்டைப் பூட்டி ஒரே கேமை இழுக்க வைக்கிற ஏற்பாடு. மாட்டுவண்டி மாதிரி. ஒரே உயரம், ஒரே நடை உள்ள இரண்டு மாடுதான் ஜோடியாகும். அங்கே ஒரே வகைக் கார்டு கேட்டதில் நியாயம் உண்டு. ஆனால் இரண்டு மானிட்டருக்கு இரண்டு கார்டு போடுவது ஜோடி மாடு கிடையாது. இது தனித்தனி வண்டி. இதன் விதியை அதன் மேல் தூக்கிப் போட்டுக் குழப்பியதில் பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு, பார்ட்ஸ் விற்றவர்களுக்கும் பங்கு உண்டு. ஒரே மாதிரி இரண்டு கார்டு விற்பது யாருக்குக் கசக்கும்? எஸ்.எல்.ஐ.க்கே 2021 ஜனவரி 1 முதல் புதிதாக எந்த கேமுக்கும் டிரைவரில் ஏற்பாடு செய்வதில்லை என்று என்விடியா கைகழுவிவிட்டது. தகப்பன் செத்த பிறகும் பிள்ளை ஊர் சுற்றுகிறது.

மூன்றாவது குற்றம்தான் பெரிசு. மற்ற இரண்டும் கவனக்குறைவு, குழப்பம் என்று விட்டுவிடலாம். இது தெரிந்தே செய்தது.

பிசிக்ஸ் என்று ஒரு சமாச்சாரம். கேமில் துணி பறப்பது, கண்ணாடி நொறுங்கிச் சிதறுவது, காகிதங்கள் காற்றில் சுழல்வது, இந்தக் கணக்கையெல்லாம் போடுகிற மென்பொருள். ஏஜியா என்ற கம்பெனி இதற்கென்றே தனிக் கார்டு விற்றது. 2008-இல் என்விடியா அந்தக் கம்பெனியை வாங்கி, தன் கிராபிக்ஸ் கார்டுகளிலேயே இந்தக் கணக்கைப் போட வைத்தது. மிரர்ஸ் எட்ஜ், பேட்மேன் ஆர்க்கம் அசைலம் எல்லாம் அப்போது வந்தவை.

சிலருக்கு ஒரு யோசனை வந்தது. படம் வரைய ஒரு நல்ல ஏ.டி.ஐ. கார்டு. பிசிக்ஸ் கணக்குக்குப் பழைய என்விடியா கார்டு. போட்டுப் பார்த்தார்கள். ஓடியது! பிரமாதமாக ஓடியது. என்விடியா என்ன செய்தது தெரியுமா? 2009-இல் 186 வரிசை டிரைவரிலிருந்து, மெஷினில் வேறு கம்பெனி கார்டு படம் வரைவது தெரிந்தால் பிசிக்ஸைத் தானாகவே அணைத்துவிடும்படி எழுதி வைத்தது. காசு கொடுத்து வாங்கிய என்விடியா கார்டு, பக்கத்து ஸ்லாட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துவிட்டு வேலை நிறுத்தம் செய்தது. ஏன் என்று கேட்டவர்களுக்கு வந்த விளக்கத்தில் டெவலப்மென்ட் செலவு இருந்தது, தரப் பரிசோதனை இருந்தது, கடைசியில் வியாபாரக் காரணமும் இருந்தது. கடைசியில் வந்ததுதான் முதல் காரணம் என்று புரிந்துகொள்ள பெரிய படிப்பு வேண்டாம்.

அதற்கு ஆதாரமும் இருக்கிறது. இந்தப் பூட்டை உடைக்கிற சின்ன பேட்ச் ஒன்றை வெளி ஆட்கள் எழுதினார்கள். போட்டதும் பழையபடி ஓடியது. அதைவிட வேடிக்கை, 2010 மே மாதம் என்விடியாவே வெளியிட்ட 257.15 என்ற பீட்டா டிரைவரில் அந்தப் பூட்டு இல்லை. ஏ.டி.ஐ. கார்டோடு பிசிக்ஸ் ஓடியது. ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள். கம்பெனி என்ன சொன்னது? அது ஒரு பக், சரி செய்துவிடுவோம் என்றது. வேலை செய்தது பக்! உலகத்திலேயே, நன்றாக ஓடுவதைக் கோளாறு என்று அறிவித்துப் பழுது பார்த்த பெருமை அந்த டிரைவருக்குத்தான் சேரும்.

கம்பெனிகள் பக்கமும் ஒரு நியாயம் சொல்வார்கள். சந்தையில் நூற்றுக்கணக்கான கார்டுகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் சேர்த்துச் சோதித்துப் பார்க்க யாரால் முடியும், பிரச்சினை வந்தால் போன் அடிப்பது எங்களுக்குத்தானே என்பார்கள். சரிதான். யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை. "இதை நாங்கள் சோதிக்கவில்லை, உங்கள் பாடு" என்று பெட்டியில் எழுதி ஒட்டட்டும், வாங்குகிறவன் ஏற்றுக்கொள்வான். "இதை நாங்கள் சோதிக்கவில்லை, அதனால் ஓடவும் விடமாட்டோம்" என்பது வேறு பேச்சு. முன்னது பொறுப்பிலிருந்து விலகுவது. பின்னது வாங்கியவனின் பொருளில் கை வைப்பது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மழுப்பத்தான் "டிரைவர் அடிச்சிக்கும்" என்ற ஒற்றை வரி பயன்படுகிறது.

ரெண்டு கம்பெனி சிப்புகள் சேர்ந்து வாழ முடியாது என்றால், லேப்டாப்பில் மட்டும் எப்படி வாழ்கின்றன? 2010 பிப்ரவரியில், அதாவது அந்த "பக்" விவகாரத்துக்கு மூன்றே மாதம் முன்னால், இதே என்விடியா ஆப்டிமஸ் என்ற ஒன்றை அறிமுகப்படுத்தியது. லேப்டாப்பில் இன்டெல் கிராபிக்ஸ் ஒன்று, என்விடியா ஒன்று. கேம் ஓடினால் என்விடியா வரையும். வரைந்த படத்தை இன்டெல்லின் நினைவகத்துக்கு அனுப்பும். இன்டெல் அதை ஸ்கிரீனில் காட்டும். ரெண்டு கம்பெனி, ரெண்டு டிரைவர், ஒரே ஸ்கிரீன்! ஹாஸ்டலில் இருக்கிற கேமிங் லேப்டாப்புகளில் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட ஜோடியாகத்தான் இருக்கும். அதில் கேம் ஆடிக்கொண்டே "டெஸ்க்டாப்ல ரெண்டு கம்பெனி கார்டு போட்டா வம்பு" என்று அறிவுரை சொல்கிறார்கள். கம்பெனி கலந்தால் டெக்னாலஜி, வாங்கினவன் கலந்தால் வம்பு!

(லினக்ஸில் இதே ஆப்டிமஸ் பட்ட பாடு தனிக் கதை. 2012 ஜூனில் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் நடந்த கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து இதைப் பற்றிக் கேட்கப்போய்த்தான் லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டினார். அந்தப் படத்தைப் பகிராத கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவன் இருக்க முடியாது. கேள்வி என்ன என்பதுதான் பலருக்குத் தெரியாது.)

இன்னும் சொல்லப்போனால் ஒரே கேமை இரண்டு கம்பெனி கார்டுகள் சேர்ந்து இழுப்பதுகூட முடியாத காரியம் கிடையாது. லூசிட் என்ற இஸ்ரேல் கம்பெனி ஹைட்ரா என்ற சிப்பில் முயற்சி செய்தது. 2010-இல் எம்.எஸ்.ஐ. மதர்போர்டு ஒன்றில் அது வந்தது. சுமாராக ஓடியது, நிலைக்கவில்லை. 2015-இல் விண்டோஸ் 10-உடன் வந்த டைரக்ட்எக்ஸ் 12 இதை முறைப்படி அனுமதித்தது. 2016-இல் ஆஷஸ் ஆஃப் தி சிங்குலாரிட்டி என்ற கேமில் ஏ.எம்.டி. ஒன்று, என்விடியா ஒன்று என்று போட்டு ஓட்டியே காட்டினார்கள். கேம் எழுதுகிறவர்கள் மெனக்கெட வேண்டும், அதனால் மற்றவர்கள் தொடரவில்லை. சோம்பலைக் குறை சொல்லலாம், சிலிக்கானைக் குறை சொல்ல முடியாது.

சரி, இதையெல்லாம் படித்துவிட்டு உடனே ஸ்க்ரூடிரைவரைத் தூக்க வேண்டாம். வெறும் இரண்டு மானிட்டருக்கு இன்று இரண்டாவது கார்டு தேவையே இல்லை. இப்போதைய கார்டுகள் பலவற்றின் பின்னால் நாலு சாக்கெட் இருக்கிறது. ஒன்றில் கேம், இன்னொன்றில் பிரவுசர் என்று அதிலேயே மாட்டிக்கொள்ளலாம். சிலரின் பிராசஸரிலேயே கிராபிக்ஸ் இருக்கும், பயாஸில் அதை அணையாமல் வைத்தால் மதர்போர்டு சாக்கெட்டிலும் ஒரு மானிட்டர் மாட்டலாம். (அதுவும் இரண்டாவது கிராபிக்ஸ்தான், பெரும்பாலும் வேறு கம்பெனிதான். அதற்கு மட்டும் யாரும் பயப்படுவதில்லை.)

இரண்டாவது கார்டு போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய நிஜமான பிரச்சினைகள் வேறு. கேம் ஓடுகிற மானிட்டரின் கேபிள் பலமான கார்டில் இருக்க வேண்டும். பலமான கார்டு வரைந்து, படம் மற்ற கார்டின் மானிட்டரில் தெரிய வேண்டும் என்றால் ஒவ்வொரு பிரேமும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வழியாக நகலெடுத்துப் போக வேண்டும், வேகம் குறையும். "ரெண்டு கார்டு போட்டேன், கேம் திக்குது" என்று புலம்புகிறவர்களில் பலர் கேபிளை மாற்றிச் செருகியவர்கள். எந்த கேம் எந்தக் கார்டில் ஓட வேண்டும் என்பதை விண்டோஸ் செட்டிங்ஸிலேயே சொல்லலாம், 2018 முதல் அந்த வசதி இருக்கிறது. அடுத்தது ஸ்லாட். பல மதர்போர்டுகளில் இரண்டாவது நீள ஸ்லாட் பார்க்கத்தான் நீளம், உள்ளே நாலு லேன்தான். வேறு சிலவற்றில் இரண்டாவதில் கார்டு செருகினால் முதல் ஸ்லாட் பதினாறிலிருந்து எட்டாகும். அப்புறம் எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட்டுக்குள் சூடு, சும்மா இருக்கும்போதும் இரண்டு கார்டு தின்கிற கரண்ட். இவை எல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவு செய்யக்கூடிய விஷயங்கள். கடையில் இந்தக் கணக்கைச் சொன்னால் தம்பிக்கு உபயோகமாக இருக்கும். அதை விட்டுவிட்டு...

பழைய கார்டுக்கு உண்மையிலேயே வேலை இருக்கிற இடமும் உண்டு. 2025-இல் லாஸ்லெஸ் ஸ்கேலிங் என்ற மலிவான மென்பொருளை வைத்துப் பலர் இதைச் செய்து காட்டினார்கள். பெரிய கார்டு கேமை வரையும். இடையிடையே கூடுதல் பிரேம்களை உருவாக்கும் வேலையை இரண்டாவது கார்டு பார்க்கும். அது வேறு கம்பெனியாக இருந்தாலும் கவலையில்லை. இங்கே மட்டும் மானிட்டர் கேபிள் இரண்டாவது கார்டில். பீரோவில் தூசி தின்றுகொண்டிருந்த கார்டுக்கு மறுபடி உயிர். ரெண்டாயிரம் ரூபாய்க்குக்கூட எடுக்க ஆளில்லாத கார்டுக்கு!

வதந்தியை அப்படியே தலைகீழாக்குகிற சங்கதி ஒன்று பாக்கி இருக்கிறது. "ஒரே கம்பெனி கார்டா போட்டுக்கோ, பிரச்சினை வராது" என்கிறார்களே, நடைமுறையில் பிரச்சினை வருவது அங்கேதான். என்விடியா ஒன்று, ஏ.எம்.டி. ஒன்று என்றால் இரண்டு டிரைவர், ஆளுக்கொரு வழி. இரண்டும் என்விடியா என்றால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிரைவர்தான் போட முடியும். பழைய கார்டுக்கு ஆதரவு நின்ற அன்று என்ன ஆகும்? புது டிரைவர் போட்டால் பழைய கார்டு செத்தது. பழைய டிரைவரிலேயே இருந்தால் புது கார்டுக்குப் புது கேம் வசதிகள் கிடையாது.

இது கற்பனை இல்லை. 2025 ஜனவரியில் ஆர்.டி.எக்ஸ். 50 வரிசை வந்தபோது 32 பிட் கூடாவை என்விடியா நீக்கிவிட்டது. விளைவு, மிரர்ஸ் எட்ஜ், பார்டர்லேண்ட்ஸ் 2 மாதிரி அந்தக் காலத்து 32 பிட் கேம்களில் பிசிக்ஸ் கணக்கு கார்டில் ஓடாமல் பிராசஸர் தலையில் விழுந்தது. லட்சக்கணக்கில் காசு போட்டு 5090 வாங்கியவர், பதினைந்து வருஷத்துக்கு முந்தைய கேமில் கண்ணாடி உடையும்போது திக்கித் திணறுவதைப் பார்த்தார். 2009-இல் இதைச் சொல்லித்தான் கார்டு விற்றார்கள், ஞாபகம் இருக்கட்டும். ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. பழைய என்விடியா கார்டு ஒன்றை இரண்டாவது ஸ்லாட்டில் போட்டு, கன்ட்ரோல் பேனலில் பிசிக்ஸ் வேலையை அதற்கு ஒதுக்கினார்கள். ஓடியது. எந்தக் கம்பெனி மற்ற கார்டோடு சேர்த்துப் போடக் கூடாது என்று பூட்டுப் போட்டதோ, அதே கம்பெனி கைவிட்டதை மீட்க ரெண்டு வேறு கார்டு போட வேண்டியிருந்தது.

அதே வருஷம் டிசம்பரில், பொறுக்கி எடுத்த சில கேம்களுக்கு மட்டும் அந்த வசதியை டிரைவர் வழியாக என்விடியா திருப்பித் தந்தது. மற்ற 32 பிட் பிசிக்ஸ் கேம்களுக்கு இன்னும் அந்த இரண்டாவது கார்டுதான் வழி. அதற்கு மலிவாகக் கிடைப்பது ஜி.டி.எக்ஸ். 750 டி.ஐ., 900 வரிசை, 10 வரிசைக் கார்டுகள். 580 வரிசை டிரைவர் வரை அவை புது கார்டோடு சேர்ந்து ஓடும். திருப்பித் தந்த டிரைவர் 590 வரிசையைச் சேர்ந்தது. அதில் இந்தக் கார்டுகளுக்கு இடமில்லை.